ஓடினா நெஞ்சு தாங்குமா? அளந்து சொல்லும் 'உடற்பயிற்சி லேப்'!

விழிதியூர்:
போலீசுக்கு ஆள் எடுக்கப் போறாங்கன்னு சேதி வந்தால் போதும், விடியற்காலையிலேயே ரோட்டில் பசங்க ஓட ஆரம்பித்து விடுவார்கள். யார் நெஞ்சு எவ்வளவு தாங்கும் என்பது ஓடுகிறவனுக்கும் தெரியாது, பெத்தவங்களுக்கும் தெரியாது.

இதை அளந்து சொல்வதற்கென்றே பல்கலைக்கழகங்களில் உடற்பயிற்சி லேப்கள் உள்ளன. டிரெட்மில்லில் ஆளை ஏற்றி, மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் மாட்டி, நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒயரை ஒட்டுவார்கள். வேகம் கூடக் கூட உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது, இதயம் எங்கே தடுமாறுகிறது என்பது திரையில் தெரிந்துவிடும். உட்கார்ந்திருக்கும்போது மறைந்திருக்கும் கோளாறு, ஓடும்போது வெளியே வருவதும் உண்டு.

அஜ்மல் வந்த லேப்

சென்னை போரூர் ராமச்சந்திரா பல்கலைக்கழக லேப் கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும். பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்கிறதா என்று அங்கே கேமரா வைத்து அளப்பார்கள். பாகிஸ்தான் வீரர் சயீத் அஜ்மல் 2015 ஜனவரியில் இங்கு வந்து சோதனையில் தேறினார். அதே ஆண்டு ஜூலையில் ஹபீஸ் தேறவில்லை. 12 மாதம் பந்துவீசத் தடை!

நட்சத்திர வீரர்களுக்கு மட்டும்தானா என்றால், இல்லை. நம்ம புதுச்சேரி ஜிப்மரில் 27 மாணவர்களுக்கு 12 வாரம் யோகா கற்றுக்கொடுத்து, மூச்சு அடக்கும் நேரம், கைப்பிடி பலம் எல்லாம் முன்னும் பின்னும் அளந்தார்கள். பலன் தெரிந்தது. 1992-ல் அந்த ஆய்வு வெளியானது. பிறகு 2008-ல் அங்கேயே யோகா சிகிச்சை மையம் வந்து, நோயாளிகளுக்கும் கதவு திறந்தது.

ஆனால் விழிதியூர்க்காரர் புதுச்சேரி போக 130 கி.மீ. தாண்ட வேண்டும். ஒருநாள் கூலி போச்சு.

பெஞ்ச் போதும்

இத்தனைக்கும் எல்லா சோதனைக்கும் லட்ச ரூபாய் மெஷின் தேவையில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு லேப் 1943-ல் சொன்ன முறைக்கு 20 அங்குல உயர பெஞ்ச் ஒன்றும் கடிகாரமும் போதும். நிமிடத்துக்கு 30 தடவை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்கி, பிறகு நாடி பார்க்க வேண்டும். நாடி சீக்கிரம் இறங்கினால் உடம்பு தேறியது. அந்த லேப் 1947-ல் மூடப்பட்டாலும் டாக்டர் படிப்பு பிராக்டிகலில் இந்தச் சோதனை இன்றும் இருக்கிறது.

காரைக்காலிலும் 2016 முதல் ஜிப்மர் கல்லூரி நடக்கிறது. மாணவர்கள் பழகும் சோதனையை வாரம் ஒருநாள் ஊர்ப் பசங்களுக்கும் செய்து பார்த்தால் என்ன?

ஓடும்போது நெஞ்சு இறுக்கினாலோ, மயக்கம் வந்தாலோ, வீட்டில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தாலோ லேப் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் காட்டி ஈ.சி.ஜி., எக்கோ எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.