கணித அச்சில் ஓர் அம்புக்குறி

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த செயலாளர், "எதைப் பற்றி வேணும்னாலும் எழுதுங்க சார், நாலு பக்கத்துக்கு மேல போகாம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். இலக்கியம் பேச நம்மிடையே பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நான் இந்த மும்பையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணித நூல்களை அச்சுக்குத் தயார் செய்தவன். அந்தத் தொழிலில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: எழுத்துப் பெட்டியிலும் இல்லாத, கணிப்பொறியிலும் சுலபத்தில் கிடைக்காத ஓர் அம்புக்குறியைப் புதிதாக உண்டாக்குவது எப்படி? "இதுல என்ன இருக்கு" என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. அதன் பலனாக, ஒரு பெரியவர் எழுதிய புத்தகத்தில் உண்மையை எல்லாம் பொய்யாக்கினேன்.

முதலில் அம்பு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். வேதியியலில் வான்ட் ஹாஃப் 1884இல் எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு அம்புகளை வைத்து, இரு பக்கமும் நடக்கும் வினையைக் காட்டினார். கணிதத்தில் ஓர் அளவு இன்னொன்றை நெருங்குகிறது என்பதற்கு → போடும் வழக்கம் லீதம் என்பவர் 1905இல் எழுதிய நூலில் வந்தது. அதை எல்லோர் கைக்கும் கொண்டுசேர்த்தது 1908இல் வெளியான ஹார்டியின் பாடநூல். ஆமாம், நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஹார்டிதான். ஒரு கணத்திலிருந்து இன்னொரு கணத்துக்குப் போகும் சார்பை 'அ → ஆ' என்று எழுதுவது இன்னும் பிந்தியது; 1940ஐ ஒட்டி ஹுரேவிட்ஸ் எழுதத் தொடங்கியது. ஆக, அம்பு கணித வாக்கியத்தில் வினைச்சொல் மாதிரி. வினைச்சொல் மாறினால் வாக்கியத்தின் பொருளே மாறிப்போகும்.

இனி என் கதை. 1981இல், உலோக எழுத்துக் காலம். ஒரு பேராசிரியரின் கையெழுத்துப் பிரதியில், தண்டின் நடுவே செங்குத்தாக ஒரு சிறு கோடு போட்ட அம்பு பக்கத்துக்குப் பக்கம் வந்தது. அதன் பெயர் பகுதிச் சார்பு. நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு ஃபாஸ்ட் லோக்கல் நிற்கும் நேரத்தைத் தருவது ஒரு சார்பு என்று வையுங்கள். தாதருக்கு நேரம் உண்டு, குர்லாவுக்கு உண்டு. மாட்டுங்காவுக்கு? பொதுவாக அங்கே ஃபாஸ்ட் நிற்பதே இல்லை. ஆகவே விடை கிடையாது. இப்படிச் சில உள்ளீடுகளுக்கு விடை இல்லாமல் போகலாம் என்று எச்சரிக்கத்தான் அந்தச் செங்குத்துக் கோடு.

எங்கள் பெட்டியில் அந்த எழுத்து இல்லை. மை தொட்டுப் பெரிதாக வரைந்து, துத்தநாக பிளாக் செய்து, சிறு துண்டுகளாக அறுத்து வரிக்குள் செருகுவதுதான் அன்றைய வழி. வரைந்தது நான். சமமில்லை என்ற குறியில் கோடு சாய்ந்துதானே இருக்கும், அந்தப் பழக்கத்தில் இதையும் சாய்த்துப் போட்டேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாய்ந்த கோடு போட்ட அம்புக்குக் கணிதத்தில் 'போகாது', 'நெருங்காது' என்று பொருள். விடை சில சமயம் இல்லாமல் போகலாம் என்று ஆசிரியர் எழுதியது, போகவே போகாது என்று அச்சாகியது. நூல் கட்டாகி வந்த பிறகுதான் பிடிபட்டது. ஒவ்வொரு பிரதியிலும் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டினோம். அவர் என்னைத் திட்டவில்லை. அடுத்த புத்தகத்தை எங்களிடம் தரவில்லை.

அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் டெக் என்ற மென்பொருள் என் மேஜைக்கு வந்தது. டொனால்ட் நூத் 1977இல் தன் நூலின் இரண்டாம் பாகத்துப் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளைப் பார்த்து மனம் நொந்து, தாமே உண்டாக்கத் தொடங்கிய அச்சுக்கோர்ப்பு முறை அது. அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லேடெக்கைத்தான் இன்று கணிதம் எழுதுவோரில் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். என்னைப் போன்ற பழைய கம்பாசிட்டருக்கு அதில் பெரிய ஆச்சரியம், அம்புகளில் பல அங்கே முழு எழுத்தாகவே இல்லை என்பது. நீளமான அம்பு, ஒரு கழித்தல் குறியையும் சாதாரண அம்பையும் ஒட்டவைத்தது. நீளமான இரட்டை அம்பில் தண்டாக இருப்பது நம் சமக்குறி! ↦ என்பது அகலமே இல்லாத ஒரு குத்துக்கோட்டை வைத்து, அதன் மேலேயே அம்பை வைப்பது. ↪ என்பது ஒரு கொக்கியும் அம்பும். இடையில் இடுக்குத் தெரியாதிருக்க, இரண்டையும் மூன்று 'மியூ' உள்ளே இழுக்கிறார்கள். பதினெட்டு மியூ சேர்ந்தால் ஓர் 'எம்'. எழுத்துப் பெட்டியில் கைவைத்தவர்களுக்கு எம் என்றால் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வருஷம் முன்பு, புனேயில் எம்.எஸ்ஸி. படித்த என் பேத்தி ஆய்வேட்டோடு வந்து உட்கார்ந்தாள். அதே பகுதிச் சார்பு, அதே கோடு போட்ட அம்பு! "தாத்தா, இது எங்கயும் கிடைக்கலை. வேற ஒரு பேப்பர்லேர்ந்து படமா வெட்டி ஒட்டிட்டேன், பரவாயில்லையா?" என்றாள்.

"பரவாயில்லைன்னு யார் சொன்னா? பக்கத்தைப் பெரிசு பண்ணிப் பாரும்மா" என்றேன்.

படம் என்று வைத்தால் என்ன ஆகும்? டெக்குக்கு அது அம்பு என்றே தெரியாது. அது ஒவ்வொரு குறிக்கும் ஒரு ஜாதி வைத்திருக்கிறது (சண்டைக்கு இழுக்காத ஜாதி): சாதாரண எழுத்து, கூட்டல் போன்ற செயற்குறி, சமம் போன்ற உறவுக்குறி, அடைப்பு, நிறுத்தற்குறி என்று. அம்பு உறவுக்குறி. உறவுக்குறியின் இரு பக்கமும் ஐந்து மியூ இடம் தானாக விழும்; கூட்டலுக்கு நாலுதான். கீழ்க்குறியாகச் சிறிய எழுத்தில் வரும்போது அந்த இடம் தானாக மறைந்துவிடும். வரி முடியும் இடத்தில் வாக்கியத்தை உடைக்க வேண்டியிருந்தால், உறவுக்குறிக்குப் பின்னால் உடைக்கலாம் என்றும் அதற்குத் தெரியும். படத்துக்கு இதில் ஒன்றும் கிடையாது. பேத்தியின் பக்கத்தில் அம்பு இரு பக்கத்து எழுத்துகளோடும் முட்டிக்கொண்டு நின்றது. ஓர் இடத்தில் வரி ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது.

செய்வதற்கு முன் தேட வேண்டும். ஸ்காட் பாகின் தொகுத்துள்ள லேடெக் குறிகளின் பெரும் பட்டியலில் ஆயிரக்கணக்கான குறிகள் உண்டு. யூனிகோடிலேயே இந்த அம்புக்கு 21எஃப்8 என்ற எண் இருக்கிறது. யூனிகோடு கணித எழுத்துருவில் எழுதுவோர் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் துறையில் கொடுத்த மாதிரிக் கோப்பு பழைய எழுத்துருவுக்கானது, மாற்றக் கூடாது என்று விதி. சரி, செய்துதான் ஆக வேண்டும்.

செய்முறை இதுதான். 'ஊஅலைன்' என்ற கட்டளை ஒன்றின் மேல் ஒன்றாகக் குறிகளை அடுக்கும். கீழே சாதாரண அம்பு. அதன் மேல், நான் மேலே சொன்ன ↦ குறியின் குத்துக்கோட்டை மட்டும் எடுத்து நடுவில் வைக்கிறோம். கணக்குப்படி நடுவில் வைத்தால் கண்ணுக்கு வலப்பக்கம் ஒதுங்கின மாதிரி இருக்கும், ஏனென்றால் அம்பின் தலை அந்தப் பக்கம் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவே ஓரிரு மியூ இடப்பக்கம் தள்ள வேண்டும். இதை ஸ்கேல் வைத்துப் பார்ப்பதைவிடக் கண்ணால் பார்ப்பதே மேல். பிறகு மொத்தத்தையும் 'மேத்ரெல்' என்ற கட்டளைக்குள் போட்டால், இது உறவுக்குறி என்று பதிவாகிவிடும்.

இத்தோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன். இருபதாம் பக்கத்தில் கீழ்க்குறியாக வந்த இடத்தில் அம்பு சின்னதாகாமல் முழு உருவில் வந்து, கீழ் வரியை இடித்தது. அடுக்கும்போது உள்ளே திறக்கிற கணிதம் எப்போதும் வரி எழுத்தின் அளவிலேயே அமைகிறது. வெளியே சிறிய எழுத்து ஓடுகிறது என்ற செய்தி உள்ளே போவதில்லை. அதைச் சொல்லி அனுப்ப 'மேத்பேலட்' என்று ஒரு கட்டளை உண்டு. தனி வரி, ஓடும் வரி, கீழ்க்குறி, கீழ்க்குறிக்கும் கீழ்க்குறி என்று நான்கு நிலைக்கும் அதுவே அளவை எடுத்துக் கொடுக்கும். மியூ என்ற அளவும் எழுத்தோடு சேர்ந்து சுருங்குவதால், கோட்டின் இடமும் பிசகாது. பாயிண்ட் அளவில் தள்ளியிருந்தால் பிசகியிருக்கும்.

ஒரு குறையும் உண்டு. இப்படி ஒட்டுப்போட்ட அம்பைக் கோப்பிலிருந்து நகல் எடுத்தால் அம்பும் கோடும் தனித்தனியாக வரலாம்; பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் தடுமாறும். கிடைக்குமானால் யூனிகோடு குறியே நல்லது.

பெயர் வைப்பதில் மட்டும் பேத்தியிடம் பிடிவாதம் பிடித்தேன். அவள் 'கோட்டம்பு' என்ற பொருளில் ஒரு கட்டளைப் பெயர் வைத்திருந்தாள். "உருவத்தைப் பெயரா வைக்காதே, அர்த்தத்தை வை" என்று சொல்லி, 'பகுதிச் சார்பு' என்று பொருள்படும் பெயராக மாற்றவைத்தேன். "யார் பார்க்கப் போறா தாத்தா" என்று முனகிக்கொண்டே மாற்றினாள்.

சமர்ப்பிக்க நாலு நாள் இருக்கும்போது போன் வந்தது. அவளுடைய வழிகாட்டிக்குக் கோடு போட்ட அம்பு பிடிக்கவில்லையாம். பகுதிச் சார்புக்கு ⇀ என்ற அரை அம்பு போடுவதும் உலக வழக்கம்தான், அதைப் போடு என்றாராம். ஆய்வேட்டில் இருநூறு இடங்களுக்கு மேல் அந்தக் குறி. ஒரே ஒரு வரியில் வரையறையை மாற்றினாள், எல்லா இடமும் மாறிவிட்டது. நான் மெனக்கெட்டு நகர்த்தி வைத்த கோடு போயே போச்சு. போகட்டும், அரை அம்பில் சாய்வதற்குக் கோடே இல்லை. ஆனாலும் அச்சுப்படி வந்ததும் பழைய பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இருநூறையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.