ஒரு நாடா, இரு நாடா? - ஐரோப்பியப் பயணத்தின் கணக்கு

ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஐரோப்பாவைக் காணப் புறப்படும் குடும்பத்தில் முதலில் எழும் வழக்கு, ஒரு நாட்டைப் பார்ப்பதா, இரண்டு நாடுகளைப் பார்ப்பதா என்பதாகும். "இவ்வளவு செலவு செய்து போகிறோம், மறுமுறை வாய்க்குமோ, வாய்க்காதோ, இரண்டையும் பார்த்துவிடுவோம்" என்பது ஒரு கட்சி. "ஓடி ஓடிப் பார்ப்பதில் என்ன பயன்? ஒன்றையே நன்றாகப் பார்ப்போம்" என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும், இரு கட்சியினரும் எண்ண வேண்டியதை விட்டு வேறொன்றை எண்ணுகின்றனர். எண்ண வேண்டியவை நாடுகள் அல்ல; இரவுகளும் இடமாற்றங்களுமே.

நாடு என்பது எல்லைக்கோட்டால் அமைவது. பயணியைக் களைப்படையச் செய்வதோ தொலைவு. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவிலிருந்து சுலோவாக்கியாவின் தலைநகரான பிராத்திஸ்லாவாவுக்கு இரயிலில் ஏறத்தாழ 1 மணி நேரமே ஆகும். பாரிசிலிருந்து பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரை அதிவேக இரயில் ஒன்றரை மணிக்குள் அடைந்துவிடும். மாறாக, இத்தாலி என்னும் ஒரே நாட்டுக்குள் ரோமிலிருந்து சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு இரயிலில் செல்ல 10 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். இடையில் மெசினா நீரிணையைக் கடக்க இரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றுகின்றனர். ஆகவே, இரு நாடு என்றால் அலைச்சல், ஒரு நாடு என்றால் அமைதி என்று கொள்வது பொருந்தாது.

எல்லையைக் கடப்பது பற்றிய அச்சமும் பெரும்பாலும் பழைய அச்சமே. லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் 1985-இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் பயனாக 1995 முதல் உறுப்பு நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை நீங்கலாயிற்று. இன்று 29 நாடுகள் அதில் உள்ளன. மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உடையோர் விசா இன்றியே அங்கு எந்த 180 நாள்களிலும் 90 நாள் வரை தங்கலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இவ்வமைப்பில் இல்லை. பிரிட்டனுக்குச் செல்வோர் 2025 சனவரி முதல் மின்வழி அனுமதியை முன்னரே பெற்றிருத்தல் வேண்டும். சுவிட்சர்லாந்து இவ்வமைப்பில் சேர்ந்ததாயினும் அங்கு வழங்கும் பணம் யூரோ அன்று, பிராங்க்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பத்திற்கு 12 நாள் விடுமுறை என்று கொள்க. கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ நேர் விமானத்தில் சென்றாலும் ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகும். போக வர 2 நாள் கழிந்தால் எஞ்சுவது 10 நாள். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாறும் நாளில் காலையில் பெட்டி கட்டி அறையைக் காலி செய்ய வேண்டும். நிலையத்துக்குச் சென்று இரயில் ஏற வேண்டும். புதிய விடுதியிலோ பிற்பகலில்தான் அறை கிடைக்கும். தொலைவு குறைவாயினும் அரைநாள் போய்விடுகிறது.

ரோமில் 4 நாள், புளோரன்சில் 3 நாள், வெனிசில் 3 நாள் என்று வகுத்தால் இடமாற்றம் இரண்டு. இழப்பு 1 நாள். ரோமிலிருந்து புளோரன்சுக்கு அதிவேக இரயிலில் ஒன்றரை மணி. அங்கிருந்து வெனிசுக்கு 2 மணிக்குச் சற்று மேல். அதே 10 நாளில் சுவிட்சர்லாந்தின் லூசர்ன், சூரிக் நகரங்களையும் சேர்த்தால் இடமாற்றம் நான்காகிறது. அவற்றுள் வெனிசிலிருந்து மிலான் வழியாக லூசர்ன் செல்வது ஒரு பகலின் பெரும்பகுதியைக் கொள்ளும். ஆக, இரண்டரை நாளுக்குக் குறையாமல் பெட்டியோடு கழியும். ஆல்ப்ஸ் மலையைக் காணப் போகிறவர், அம்மலைக்கு அடியில் 2016-இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு சுரங்கத்தின் இருளைக் கண்டு செல்வதும் உண்டு!

இதனோடு விடுமுறை நாள்களையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். புளோரன்சின் உஃபீசி ஓவியக்கூடம் திங்கட்கிழமை மூடப்படும். பாரிசின் லூவர் காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடப்படும். வத்திக்கான் காட்சியகங்கள், மாதத்தின் இறுதி ஞாயிறு தவிர, ஞாயிறுகளில் திறப்பதில்லை. ஓர் ஊரில் 3 நாள் தங்குவோர் ஒரு நாளை மாற்றிக்கொள்வர். ஒரே நாள் தங்குவோர் மூடிய கதவைக் கண்டு திரும்புவர். ஆண்டிறுதி விடுமுறையில் செல்வோர்க்கு மற்றொரு குறையும் உண்டு. டிசம்பரில் ரோமில் பகற்பொழுது ஏறத்தாழ 9 மணி நேரமே. மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும். சூன் மாதத்திலோ பகல் 15 மணி நேரம் நீளும். ஆகவே, டிசம்பர்ப் பயணத்தில் ஓர் ஊரையாவது குறைப்பது நன்று.

"ஒரே நாடு என்றால் சலிப்புத் தட்டாதா?" என்று கேட்பர். இத்தாலி ஒரே அரசாக அமைந்தது 1861-இல்தான். வெனிஸ் 1797 வரை தனிக் குடியரசாக விளங்கி, 1866-இல் இத்தாலியோடு இணைந்தது. போப்பாண்டவர் ஆட்சியிலிருந்த ரோம் 1870-இல் இணைந்தது. ஆதலின் கட்டடம், உணவு, பேச்சு வழக்கு ஆகியவை ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. கணக்குக்கு இரண்டு நாடு வேண்டுவோர்க்கும் குறையில்லை. 1929-இல் தனி நாடாகிய வத்திக்கானுக்கு ரோமிலிருந்து நடந்தே போகலாம்.

ஒரு நாட்டில் தங்குவதன் சிறப்பான ஊதியம் மொழியாகும். முதல் நாள் கற்ற பத்துச் சொற்கள் இறுதி நாள் வரை உதவும். 'புவோன் ஜோர்னோ' என்று வணக்கம் கூறி, 'கிராட்சியே' என்று நன்றி நவின்றால் கடைக்காரரின் முகம் மலரும். இத்தாலியச் சொற்களிற் பெரும்பாலானவை உயிரொலியில் முடிவதால் தமிழர் நாவுக்கு அவை எளிதில் வரும்.

நாள் மிச்சமானால், சுற்றுலா வண்டிகள் காட்டாத இடத்திற்கும் போகலாம். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊர் இத்தாலியின் வடபகுதியில் உள்ளது. வெனிஸ் - மிலான் இரயில் பாதையில், கார்தா ஏரிக்கரையிலுள்ள தெசென்சானோ நிலையத்தில் இறங்கித் தெற்கே சாலை வழியே சிறிது தொலைவு சென்றால் அவ்வூரை அடையலாம். 1859-இல் அருகிலுள்ள சொல்ஃபெரினோவில் நடந்த போரில் காயமுற்றோர்க்கு அவ்வூர் மக்கள் செய்த தொண்டை ஹென்றி துனான் நேரிற் கண்டார். செஞ்சிலுவை இயக்கத்தின் வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது. தமிழாசிரியர் ஒருவர் அத்தெருவில் நின்று வந்தால், சதுரகராதியைப் பற்றி வகுப்பில் அவர் பேசும் முறையே மாறிவிடும். ஐந்து நகரங்களை ஓடிப் பார்ப்பவருக்கு அந்த ஒரு நாள் கிட்டாது.

அப்படியாயின் இரு நாடு கூடாதா எனின், கூடும். ஊர் மாறும் ஒவ்வொரு பயணமும் 3 மணி நேரத்துக்குள் முடிதல் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் 3 இரவேனும் தங்கல் வேண்டும். ஒரு நகரில் விமானம் இறங்கி, வந்த வழியே மீளாது மற்றொரு நகரில் ஏறுதல் வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால் பாரிசும் பிரசல்சும், வியன்னாவும் பிராத்திஸ்லாவாவும் இசைந்த இணைகளே. உறவினரைக் காணவோ, பிள்ளையின் படிப்பு நிமித்தமாகவோ இரண்டாவது நாட்டுக்குச் செல்வதாயின், அக்காரணமே போதும். அங்கே கணக்குப் பார்க்க வேண்டுவதில்லை. முதியோர் உடன் வருவராயின், இடமாற்றத்தின் எண்ணிக்கையை அவர்களைக் கேட்டே முடிவு செய்தல் முறை.

அகல உழுவதை ஆழ உழு என்பது முதுமொழி. மறுமுறை வாய்க்காது என்பது மெய்யாயின், அதுவே ஆழ உழுவதற்குரிய காரணமாகும். திரும்பி வந்தபின் மாணவர்கள், "எத்தனை நாடு பார்த்தீர்கள்?" என்றுதான் முதலிற் கேட்பர். "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று அடுத்துக் கேட்பர். அந்த இரண்டாவது வினாவுக்கு விடை சொல்லும் வகையில் பயணத்தை அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.