பலூனும் சாண எரிவாயுவும்

ஸ்ரீரங்கப்பட்டணம். ரங்கநாதர் கோயில் வாசல். குழந்தை கேட்டது. அப்பா பலூன் வாங்கிக் கொடுத்தார். ஊதி, வாயை இறுகக் கட்டினார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பலூன் சுருங்கிக் கிடக்கிறது. ஓட்டை இல்லை. முடிச்சும் அவிழவில்லை. காற்று எங்கே போனது?

ரப்பர் வழியாகவே போய்விட்டது.

1830-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவில் ஜான் மிட்செல் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். ஒவ்வொரு வாயுவும் ஒவ்வொரு வேகத்தில் ரப்பரைக் கடந்தது. ஹைட்ரஜன்தான் மிக லேசான வாயு. ஆனால் அதைவிடக் கரியமில வாயு வேகமாக வெளியேறியது!

ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி நெல்லும் கரும்பும் விளைகின்றன. மாட்டுச் சாணம், கரும்பாலைக் கழிவு இரண்டிலிருந்தும் எரிவாயு எடுக்கலாம். இந்த வாயுவில் பத்துப் பங்கில் சுமார் ஆறு பங்கு மீத்தேன். அது எரியும். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அது எரியாது.

வீட்டு அடுப்புக்கு இது பெரிய குறை இல்லை. அப்படியே எரிக்கலாம். சிலிண்டரில் அடைத்து வண்டி ஓட்ட வேண்டுமா? அங்கேதான் சங்கடம். தூற்றாத நெல்லைப் பதரோடு மூட்டை கட்டினால் என்ன ஆகும்? பதருக்கும் சேர்த்துத்தான் வண்டிக் கூலி. அதோடு, கரியமில வாயு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும். அதனால் சிலிண்டரில் அடைக்கும் சாண எரிவாயுவில் நூற்றுக்கு 90 பங்காவது மீத்தேன் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி.

கரியமில வாயுவைப் பிரிக்கப் பல வழிகள் உண்டு. ஒன்று, பிளாஸ்டிக் சவ்வு. தலைமுடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் குழல்களை ஆயிரக்கணக்கில் கட்டாகக் கட்டுகிறார்கள். கட்டை இரும்புக் குழாய்க்குள் வைத்து, வாயுவை அழுத்தி உள்ளே செலுத்துகிறார்கள். சவ்வு என்றால் சல்லடை இல்லை. அதில் கண்கள் கிடையாது. கரியமில வாயு சவ்வில் கரைந்து, ஊடுருவி, மறுபக்கம் வெளியேறும். மீத்தேன் அவ்வளவாகக் கரையாது. அது பின்தங்கி நின்றுவிடும். பலூன் கதைதான்!

பூமியிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவிலும் இதே தொல்லை உண்டு. பாகிஸ்தானில் காதிர்பூர் என்ற இடத்தில் 1995 முதல் சவ்வு ஆலை நடந்தது. நூற்றுக்கு 6 பங்குக்கு மேல் இருந்த கரியமில வாயு, அங்கே 2 பங்குக்கும் கீழே குறைந்தது.

சவ்விலும் குறை உண்டு. கொஞ்சம் மீத்தேனும் கூடவே நழுவிவிடும். அதைப் பிடித்து மறுபடி சவ்வுக்குள் அனுப்ப வேண்டும். வாயுவை அழுத்தும் கம்ப்ரஸருக்கு மின்சாரம் வேண்டும். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. பல ஊர்ச் சாணமும் ஆலைக் கழிவும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் கணக்குச் சரிவரும்.

அப்போது இன்னொரு கேள்வி வரும். வாயு எடுத்த பிறகு மிஞ்சும் கரைசல் நல்ல எரு. சாணம் கொடுத்தவரின் வயலுக்கு அது திரும்பி வருமா? என்ன விலைக்கு? சாணத்தை வண்டியில் ஏற்றும் முன்பே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.