அட்லஸில் இல்லாத சாம்பியன்

கூடைப்பந்துக்கு உலகக் கோப்பை உண்டு. ஆனால் நம்மைவிட நாலஞ்சு வயசு மட்டும் பெரியவங்களுக்குன்னே தனியாக ஓர் உலகக் கோப்பை நடக்கிறது, தெரியுமா தோழிகளே? அதுதான் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை. கிளப் அணியோ பள்ளி அணியோ இதில் ஆட முடியாது. நாட்டு அணி மட்டும்தான். ஓர் அணிக்கு 12 பேர்.

ஆண்களுக்கு 1979-ல் பிரேசில் நாட்டில் ஆரம்பித்தார்கள். பெண்களுக்கு 1985-ல்தான். (ஆறு வருஷம் லேட்! ஏன்னு யாரைக் கேட்பது?) முதலில் 4 வருடத்துக்கு ஒரு முறை நடந்ததால், பெரும்பாலும் ஒருத்தருக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. அடுத்த தடவை வரும்போது வயசு தாண்டிவிடும். இப்போது 2 வருடத்துக்கு ஒரு முறை நடக்கிறது.

ஜெயித்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் அமெரிக்கா, அமெரிக்கா என்றே வரும். 2025 வரை ஆண்களில் 9 முறை, பெண்களில் 11 முறை! ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் இரண்டு பெயர்களை இன்றைய அட்லஸில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஒன்று சோவியத் யூனியன். பெண்கள் கோப்பையை 1985-லும் 1989-லும் வாங்கியது அவங்கதான். இன்னொன்று யுகோஸ்லாவியா. 1987-ல் ஆண்கள் கோப்பை அவர்களுக்கு. சோவியத் யூனியன் 1991-ல் 15 நாடாகப் பிரிந்தது. அது பெரிய கதை. நான் யுகோஸ்லாவியா கதையைச் சொல்கிறேன்.

1987-ல் போட்டி நடந்த இடம் போர்மியோ. இத்தாலியின் வடக்கே ஆல்ப்ஸ் மலையில் இருக்கிற சின்ன ஊர். யுகோஸ்லாவியா என்பது 6 குடியரசுகள் சேர்ந்த ஒரே நாடு. அதனால் அணியிலும் பல பக்கத்துப் பையன்களும் கலந்து இருந்தார்கள். விளாடே டிவாட்ச், ஜோர்ஜெவிச் இருவரும் செர்பியா. டோனி குகோச், டினோ ராஜா இருவரும் குரோவேஷியாவில் ஸ்ப்ளிட் என்ற ஒரே ஊர்க்காரங்க. (ராஜா என்று நம்ம ஊர்ப் பேர் மாதிரியே இருக்கிறது அல்லவா!) பயிற்சியாளர் பெயர் பெஷிச்.

எதிரே அமெரிக்கா. பின்னாளில் பெரிய ஆட்டக்காரர்களான கேரி பேட்டன், லாரி ஜான்சன் எல்லாம் அந்த அணியில் இருந்தார்கள். முதல் சுற்று ஆட்டத்தில் யுகோஸ்லாவியா 110, அமெரிக்கா 95. அன்று 18 வயசு குகோச் செய்ததுதான் இன்று வரை பேசப்படுகிறது.

அது புரிய ஒரு விதி தெரியணும். கூடையிலிருந்து வளைவாக ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதற்கு வெளியே நின்று போட்டால் 2-க்குப் பதில் 3 புள்ளி. அப்போது அந்தக் கோட்டின் தூரம் 6.25 மீட்டர், அதாவது இருபதரை அடி. நம்ம வகுப்பில் கரும்பலகையிலிருந்து பின் சுவர் 20 அடிதான். ஆக, பின் சுவருக்கும் வெளியே நின்று, கரும்பலகைக்கு மேலே 10 அடி உயரத்தில் இருக்கும் வளையத்துக்குள் பந்தைப் போடணும்! சும்மா இல்லை, முன்னாடி நெட்டையாக ஒருத்தன் கையை விரித்து மறைப்பான். குகோச் அப்படி 12 தடவை எறிந்தார். 11 உள்ளே போயிற்று. மொத்தம் 37 புள்ளி. அதில் 33 இந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தே வந்தது.

இறுதி ஆட்டத்திலும் அதே இரண்டு அணிகள் மோதின. 86-76. கோப்பை யுகோஸ்லாவியாவுக்கு!

பெரியவர்கள் ஆனதும் டிவாட்ச், குகோச் எல்லாம் ஒன்றாகவே ஆடி 1990-ல் உலகக் கோப்பையையும் வாங்கினார்கள். 1991 ஜூன் 25-ல் குரோவேஷியாவும் ஸ்லோவேனியாவும் தனி நாடு என்று அறிவித்தன. அந்த நேரம் பார்த்து ரோம் நகரில் ஐரோப்பியக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. ஸ்லோவேனியா ஆட்டக்காரர் ஸ்தோவ்ட்ச் என்பவர் பாதியிலேயே அணியை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. அப்புறம் சண்டை. ஊர் ஊராக எரிந்தது, ஏராளமான சனங்க செத்துப்போனாங்க.

1992 ஒலிம்பிக்கில் குகோச்சும் ராஜாவும் குரோவேஷியா சட்டை போட்டு வெள்ளி வாங்கினார்கள். டிவாட்ச் அணிக்கு அங்கே ஆட அனுமதியே இல்லை. 1995-ல் ஏதென்ஸில் ஐரோப்பியக் கோப்பை. யுகோஸ்லாவியா என்ற பெயரில் அப்போது செர்பியாவும் மாண்டினிக்ரோவும் மட்டும்தான் மிச்சம். அந்த அணிக்குத் தங்கம். குரோவேஷியாவுக்கு வெண்கலம். போர்மியோவில் ஒரே கோப்பையைப் பிடித்த நாலு பேரும் அன்று ஒரே மைதானத்தில்தான் இருந்தார்கள். ஆனால் அந்தப் பக்கம் தங்கப் பதக்கம் கொடுக்கும் முன்பே குரோவேஷியா அணி மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டது.

இதைத்தான் என்னால் லேசில் விட முடியவில்லை. எட்டு வருஷம் முன்னாடி குகோச் எறிந்தது எந்த நாட்டுக்காக? அந்த 37 புள்ளியை இப்போது எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? பட்டியலில் யுகோஸ்லாவியா என்றே போட்டிருக்கிறார்கள். அது சரி என்றுதான் எனக்குத் தோணுது. வேறு பெயர் போட்டால் 12 பேரில் பாதிப் பேரை அழித்த மாதிரி ஆயிடும்.

2007-ல் இதே ஜூனியர் கோப்பை செர்பியாவின் நோவி சாட் நகரில் நடந்தபோது செர்பியா தன் சொந்தப் பெயரில் ஜெயித்தது. 2015-ல் குரோவேஷியா இறுதி ஆட்டம் வரை வந்து அமெரிக்காவிடம் தோற்றது. அந்தப் பயிற்சியாளர் பெஷிச் என்ன ஆனார் என்றால், ஜெர்மனிக்குப் போய் 1993-ல் அவர்களை ஐரோப்பிய சாம்பியன் ஆக்கினார். பிறகு செர்பியாவுக்குப் பயிற்சியாளராகி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்க வைத்தார். அப்போது அவருக்கு 74 வயசு!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி