கறுப்பு மூக்கு இருக்கிறதா, பாருங்கள்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். கைவினைக் கண்காட்சிகளில் சிவப்பு விதை கோத்த மாலைகளும் கைச்சங்கிலிகளும் தொங்கும். “அதிர்ஷ்ட மணி, வீட்டுக்கு நல்லது” என்பார் விற்பவர். எல்லாம் ஒரே விதைதான் என்று நாமும் வாங்கிவிடுகிறோம். ஆனால் அந்தச் சிவப்பில் பல வகை உண்டு; அவற்றுள் ஒன்று ஆளையே கொல்லக்கூடியது.

முதலில் மஞ்சாடி. ஆனைக்குன்றிமணி என்பதும் இதுதான். மரத்தில் நெற்று வெடித்து முறுக்கிக்கொள்ள, பளபளவென்று விதை உதிரும். முழுக்கச் சிவப்பு; நடு புடைத்து, ஓரம் மெலிந்திருக்கும். குருவாயூர் கோயிலில் உருளி நிறைய இருக்கும் மஞ்சாடியைக் குழந்தைகள் இரண்டு கையாலும் அள்ளிப் போடுவார்கள். சிங்கப்பூரில் இதற்கு ‘சாகா’ என்று பேர். மரத்தடியில் பொறுக்கிச் சேர்த்து, அதிர்ஷ்டத்துக்கும் அன்புக்கும் அடையாளமாகக் கொடுப்பார்கள்.

அடுத்தது, தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் புழங்கும் வைருரோ. அமேசான் காட்டு மரத்தின் விதை, சிவப்பில் கறுப்புத் திட்டு. கண்ணேறு படாமலிருக்கக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டுவார்கள், நம்மூர்க் கறுப்பு வளையல் மாதிரி.

மூன்றாவது, நம் குன்றிமணி. இது கொடியில் காய்ப்பது. சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே, அதேதான். ஒரு விதை ஏறக்குறைய 0.12 கிராம். தட்டார்கள் இதை வைத்தே பொன் நிறுத்தார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய கணக்கு. “குண்டுமணித் தங்கம்கூட இல்லை” என்று இன்றும் சொல்கிறோம். நகைப் பெட்டியில் இதைப் போட்டுவைத்தால் செல்வம் தங்கும் என்று நம்புகிறவர்களும் உண்டு.

இதன் பருப்பில் அப்ரின் என்ற நஞ்சு இருக்கிறது. ஆமணக்கு விதையிலுள்ள ரிசினுக்குச் சொந்தக்கார நஞ்சு. உடலின் செல்கள் புரதம் தயாரிப்பதையே இது நிறுத்திவிடும். முறிவு மருந்து கிடையாது.

‘அப்படியானால் குன்றிமணியை வைத்துப் பல்லாங்குழி ஆடிய நம் பாட்டிமாருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?’ என்று கேட்பீர்கள். விதையின் தோல் அவ்வளவு கெட்டி. தோல் உடையாத விதையை விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து நொறுக்கினால்தான் வினை. மாலையாகக் கோப்பதென்றால் துளை போட்டே ஆகவேண்டும். கெட்டித்தோல் தந்த காவல் அந்த ஒரு துளையோடு போய்விடுகிறது. துளை போடுகிறவருக்கும் ஆபத்துதான். விதைக்குள் போன ஊசி விரலில் குத்தினாலே நஞ்சு உடம்பில் ஏறலாம்.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஈடன் புராஜெக்ட் என்ற பெரிய தாவரப் பூங்கா இருக்கிறது. அங்கே விற்ற, பெருவிலிருந்து வந்த கைச்சங்கிலிகளில் இருந்தவை குன்றிமணி என்று தெரிந்ததும், 2011 இறுதியில் வாங்கியவர்களிடமிருந்து அவற்றைத் திரும்பக் கேட்டார்கள். செடிகொடிகளே தொழிலாக இருக்கும் இடத்திலேயே இந்த நிலை.

எப்படிக் கண்டுகொள்வது? மஞ்சாடியில் கறுப்பே இருக்காது. வைருரோ பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பெரியது. குன்றிமணி 5 முதல் 7 மில்லிமீட்டர்தான். காயோடு ஒட்டியிருந்த சின்னத் தழும்பு அதன் கறுப்புப் பகுதிக்குள்ளேயே இருக்கும். அந்தக் கறுப்பைத்தான் வள்ளுவர் மூக்கு என்றார். வெளியே செம்மையும் உள்ளே கருமையுமாகத் திரியும் வேடதாரிகளுக்கு இதைத்தான் உவமை சொன்னார்.

விதை நகை ஆசையை விடவேண்டாம். மஞ்சாடி இருக்கிறது, ருத்ராட்சம் இருக்கிறது. நாகா மக்கள் கோக்கும் நெற்பவளம் இருக்கிறது. அந்தப் புல்மணியில் துளை இயற்கையாகவே உண்டு. எந்த விதையானாலும் பச்சைக் குழந்தை வாயில் வைக்கக் கொடுக்காதீர்கள். கறுப்பு மூக்குள்ள துளையிட்ட மணி வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். குழந்தை கடித்துவிட்டதென்றால், வாந்தி வருகிறதா பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம். மிச்சமிருக்கும் மணியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.