பனி சொல்லும் செய்தி

லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காவிலுள்ள ரும்பக் போன்ற சிற்றூர்களில், இரவில் வந்து சென்ற விலங்கு எதுவென்பதை முற்றத்துப் பனியே உணர்த்திவிடும்.

நான்கு விரல்களுடன் வட்டமாகப் பதிந்து, நகக்குறி இல்லாத தடம் பூனை இனத்துக்கு உரியது. அது பெரிதாக இருந்தால் பனிச்சிறுத்தையாக இருக்கலாம். நீள்வடிவத் தடத்தின் முனையில் நகக்குறி தெரிந்தால் ஓநாய் அல்லது நாய். இவ்விரண்டையும் ஒற்றைத் தடத்தால் பிரித்தறிதல் அரிது. சற்றுத் தொலைவு தொடர்ந்து செல்ல வேண்டும். ஓநாயின் தடம் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும். நாயின் தடம் அங்குமிங்கும் அலையும்.

வெயில் ஏறுமுன் அளப்பதே நன்று. உருகும் பனி, தடத்தின் விளிம்பை விரித்து, நரியின் தடத்தையும் ஓநாயினதாகக் காட்டிவிடும்.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. கூரையற்ற பட்டிக்குள் சுவரேறிக் குதிக்கும் பனிச்சிறுத்தை, ஒரே இரவில் பல ஆடுகளைக் கொல்லக்கூடும்; ஒரு குடும்பத்தின் சேமிப்பே அதனால் கரைந்துவிடும். தடத்தைக் கண்டதும் பட்டியின்மேல் உறுதியான கம்பிவலை அமைத்தால் ஆடுகள் பிழைக்கும். சினமுற்றோரின் பழிவாங்கலிலிருந்து சிறுத்தையும் தப்பும். 2024-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் 718 பனிச்சிறுத்தைகளுள் 477 லடாக்கிலேயே வாழ்கின்றன. அவற்றின் காவல், ஆட்டுப் பட்டியின் கூரையிலிருந்தே தொடங்குகிறது.