ஒரே பெயர், வேறு வேறு பாட்டு

1972-இல் பிங்க் ஃப்ளாய்டு குழு ஒரு புதுப் பாடல் வரிசையை மேடைகளில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘டார்க் சைடு ஆஃப் தி மூன்’ என்று பெயரும் முடிவாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து, மெடிசின் ஹெட் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழு அதே பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டது. பிங்க் ஃப்ளாய்டு ஒதுங்கிக்கொண்டு, ‘எக்லிப்ஸ்’ என்று பெயரை மாற்றியது. ஆனால் மெடிசின் ஹெட்டின் ஆல்பம் விலைபோகவில்லை. பழைய பெயரே திரும்பி வந்தது. 1973 மார்ச்சில் வெளியான பிங்க் ஃப்ளாய்டின் ஆல்பம், 1988-க்குள் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது. முந்திக்கொண்ட மெடிசின் ஹெட்டை இன்று இசைத்தட்டு சேகரிப்பவர்களைத் தவிர வேறு யாரும் தேடுவதில்லை.

பெயரை மாற்றும்படி சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தலைப்புகளுக்கும் சிறு தொடர்களுக்கும் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் தெளிவாகவே சொல்கிறது. அஞ்ச வேண்டியது கடையில் வாங்க வருபவரின் குழப்பத்துக்குத்தான்.

வம்புக்கு வைத்த பெயர்

அந்தக் குழப்பத்தையே விரும்பியவர்களும் உண்டு. பீட்டில்ஸ் கலைந்த 1970-இல் வந்த ஆல்பம் ‘லெட் இட் பி’. 1984-இல் மினியாபொலிஸ் நகரத்து ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு தன் ஆல்பத்துக்கு அதே பெயரைச் சூட்டியது. குழுவின் மேலாளர் பீட்டர் ஜெஸ்பர்சன் தீவிர பீட்டில்ஸ் பக்தர். அவரைச் சீண்டுவதற்கென்றே செய்த குறும்பு இது. புனிதம் என்று எதுவும் இல்லை என்று காட்டும் திமிரும் அதில் இருந்தது. குறும்போடு போயிருந்தால் அதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். பாட்டுகள் நன்றாக இருந்ததால், அமெரிக்க மாற்று ராக் இசையின் முக்கியமான ஆல்பங்களில் ஒன்றாக அது நிலைத்துவிட்டது.

1988-இல் அன்றைய யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த லைபாக் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. பீட்டில்ஸின் ஆல்பத்தை ஏறக்குறைய முழுதாகவே தன் கனத்த ராணுவத் தாளத்தில் மறுபடி பாடி, ‘லெட் இட் பி’ என்றே வெளியிட்டது. விட்டுவைத்தவற்றில் ஒன்று, அந்தத் தலைப்புப் பாடல்!

தன் பெயரையே திரும்பத் திரும்ப

பிரிட்டிஷ் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1977 முதல் 1982 வரை வெளியிட்ட நான்கு ஆல்பங்களுக்கும் ‘பீட்டர் கேப்ரியல்’ என்றே பெயர். ஒரு பத்திரிகையின் அடுத்தடுத்த இதழ்கள் மாதிரி அவை இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். ரசிகர்கள் விடவில்லை. அட்டைப்படத்தைப் பார்த்து முதல் மூன்றையும் ‘கார்’, ‘ஸ்கிராட்ச்’, ‘மெல்ட்’ என்று அழைத்தார்கள். நான்காவதை அமெரிக்காவில் விற்ற கெஃபன் நிறுவனம், ‘செக்யூரிட்டி’ என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டது.

வீசர் குழுவுக்கு 1994 முதல் 2019 வரை ‘வீசர்’ என்ற பெயரிலேயே ஆறு ஆல்பங்கள். அவற்றை அட்டையின் நிறத்தை வைத்துத்தான் பிரித்துச் சொல்கிறார்கள். ஃப்ளீட்வுட் மேக் கதை வேறு. 1968-இலும் 1975-இலும் தன் பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டது. இடையில் ஆட்கள் மாறி, ப்ளூஸ் குழு பாப் குழுவாகிவிட்டது. மாறாமல் இருந்தவர்கள் டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டும் பேஸ் வாசித்த ஜான் மெக்வீயும். குழுவின் பெயர் இந்த இருவருடையதுதான்.

வெள்ளையும் கறுப்பும்

பீட்டில்ஸின் 1968 ஆல்பத்துக்கு அதிகாரபூர்வமான பெயர் ‘தி பீட்டில்ஸ்’. உலகம் அதை ‘ஒயிட் ஆல்பம்’ என்றது. மெட்டாலிக்கா குழுவின் 1991 ஆல்பத்துக்கு ரசிகர்கள் தந்த பெயர் ‘பிளாக் ஆல்பம்’. 2003-இல் ராப் பாடகர் ஜே-ஸி தன் ஆல்பத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். ஒரு வழக்கும் வரவில்லை. மறு ஆண்டு இசைத் தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸ், ஜே-ஸியின் குரலையும் பீட்டில்ஸின் வெள்ளை ஆல்ப இசையையும் கலந்து ‘கிரே ஆல்பம்’ உருவாக்கினார். உடனே, பீட்டில்ஸ் ஒலிப்பதிவுகளின் உரிமையை வைத்திருந்த இ.எம்.ஐ. நிறுவனத்திடமிருந்து தடை நோட்டீஸ் வந்தது. பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவின் ஒரு துணுக்கைத் தொட்டால்தான் வக்கீல் வருவார்.